ஆஸ்பத்திரிக் கணக்கு: கிள்ளான் வட்டாரம் கற்பித்த பாடம்

தோட்டத்தில் பிழைக்கும் நம்மவர்க்குக் கணக்கு என்பது புதியதொரு சங்கதியன்று. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவது முதல், பொழுது சாய்ந்து செக்ரோல் புத்தகம் மூடப்படும் வரையில், யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, யார் எத்தனை குலை வெட்டினார் என்பதெல்லாம் ஒரு புள்ளி பிசகாமல் எழுதப்படுகின்றன. ஒரு தோட்டத்துச் செக்ரோலை வேறொரு தோட்டத்துக் கிராணி பிரித்துப் பார்த்தாலும் அவருக்கு அது விளங்கும். கூலி கொடுப்பதற்கு இவ்வளவு திட்டமான கணக்கு வைத்துக்கொண்ட உலகம், அதே மனிதர் நோயாளியாகிக் கட்டிலில் படுத்தபின் அவருக்கு நேரும் தீங்குகளுக்கு என்ன கணக்கு வைத்தது? மருந்து மாறிப் போனால், ஊசி ஆள் மாறிப் போடப்பட்டால், கட்டிலிலிருந்து கிழவர் விழுந்து எலும்பு முறிந்தால், பேறுகாலத்தில் தாய்க்கு இரத்தம் நில்லாமல் போவதை உரிய நேரத்தில் எவரும் கவனியாது விட்டால், அதனை எந்தப் புத்தகத்தில், எந்தக் கட்டத்தில், எந்தச் சொல்லால் எழுதுவது?

இக்கேள்விக்கு உலகம் முறையான விடை தேடத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. ஆனால் நோயையும் சாவையும் எங்கும் ஒரே விதமாக எண்ணினால் உயிர்கள் தப்பும் என்னும் மூலபாடம், நாம் வாழும் கேரித் தீவிலிருந்து ஆற்றைக் கடந்தால் சில மைல் தூரத்தில் உள்ள கிள்ளானிலேயே, நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நடத்திக் காட்டப்பட்டது. அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்களில் நம் முன்னோரும் அடங்குவர். ஆகவே அச்சரித்திரத்தை நம்மவர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

கிள்ளானில் கண்ட எண்கள்

1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் இளம் வைத்தியர் கிள்ளானுக்குச் சர்க்கார் வைத்தியராக வந்து சேர்ந்தார். அப்போது கிள்ளான் மூவாயிரத்துச் சொச்சம் ஜனங்கள் வாழ்ந்த சிறு பட்டணம். சுற்றிலும் சதுப்பும் காடும். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் செக்கந்தராபாத்தில் கண்டறிந்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அஃதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. திறந்த வேகத்திலேயே காய்ச்சல் அங்கு வேலை செய்தோரைக் கூட்டங்கூட்டமாகப் படுக்கையில் தள்ளியது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று சர்க்கார் யோசிக்கும் நிலை வந்தது.

வாட்சன் செய்தவை இரண்டு. சதுப்பை வடித்துக் காட்டை வெட்டச் செய்தது ஒன்று. அதை எல்லோரும் அறிவர். அவருக்குப் பின்னாளில் சர் பட்டம் வந்ததும் அதனால்தான். மற்றொன்று, சாவுகளை ஆண்டுதோறும் ஒரே அளவுகோலால் பிரித்து எழுதியது. அதைப் பேசுவோர் குறைவு. கிள்ளான் பட்டணமும் துறைமுகமும் சேர்ந்த பகுதியில் 1901-இல் இறந்தோர் 582 பேர்; அவர்களில் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். வடிகால் வேலை நடந்தபின், 1902-இல் மொத்தச் சாவு 144. காய்ச்சலால் இறந்தோர் 59 பேர் மட்டுமே. 1905-இல் மொத்தம் 113, காய்ச்சல் 45.

இவ்வெண்களை ஊன்றிப் பார்ப்போர்க்கு இன்னொன்றும் புலப்படும். காய்ச்சலன்றி வேறு நோய்களால் என்று எழுதப்பட்ட சாவுகளும் 1901-இல் 214-ஆக இருந்து 1902-இல் 85-ஆகக் குறைந்தன. சதுப்பை வடித்தால் கழிச்சலும் வீக்கமும் ஏன் குறைய வேண்டும்? மலேரியா உருக்குலைத்த உடல்களே பிற நோய்களுக்கும் இரையாயின என்று கொள்ளலாம். காய்ச்சல் சாவுகள் பல வேறு பெயரில் எழுதப்பட்டன என்றும் கொள்ளலாம். எவ்வாறாயினும், ஒரு கட்டத்தை மட்டும் பார்த்திருந்தால் இவ்வுண்மை மறைந்தே போயிருக்கும். அதே கிள்ளான் வட்டாரத்தில் இவ்வேலை நடைபெறாத மற்றப் பகுதிகளின் கணக்கையும் வாட்சன் பக்கத்திலேயே வைத்தார். அங்கே 1905-இல் இறந்தோர் தொகை 1901-இல் இருந்ததைக் காட்டிலும் கூடியிருந்தது. மழை குறைந்தது, காலம் மாறியது, ஜனங்கள் ஊருக்குத் திரும்பிவிட்டனர் என்றெல்லாம் எவரும் சாக்குச் சொல்ல இடமில்லாமற் போயிற்று.

மண்ணீரல் சொன்ன உண்மை

பட்டணத்தில் வெற்றி கண்டவர் தோட்டங்களை நோக்கித் திரும்பினார். அங்கே தொல்லை வேறுவிதம். ஒவ்வொரு தோட்டத்திலும் டிரெசர் எழுதுவது ஒரு விதம். ஒருவர் 'காய்ச்சல்' என்பார். மற்றொருவர் 'பலவீனம்' என்பார். இன்னொருவர் 'சோகை' என்பார். நோயாளி நடமாடினால் நோயாளியே அல்லன் என்று எழுதாது விடுவாரும் இருக்கக் கூடும். இவ்வாறு எழுதிய ஏடுகளை எவ்வளவு அடுக்கினாலும், எந்தத் தோட்டம் எந்தத் தோட்டத்தைவிட மோசம் என்று எப்படி அறிவது?

இதற்கு வாட்சன் கையாண்ட உபாயம் எளியது. மலேரியா பீடித்த குழந்தையின் மண்ணீரல் வீங்கும். வயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்தே அதை அறியலாம். தோட்டந்தோறும் லயத்துக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணினார். குழந்தையின் வயிறு துரைக்குப் பயப்படாது; டிரெசரின் சொல்லுக்கும் காத்திராது. அந்த ஒரே அளவுகோல் எல்லாத் தோட்டங்களையும் ஒரே தட்டில் நிறுத்தியது.

அதனால் கிடைத்த பயன் பெரிது. கடற்கரைச் சமவெளியில் காட்டுச் சதுப்புக்கு அருகில் லயம் இருந்தால் நோய் மிகும், காடு அகன்றால் நோய் குறையும் என்று தெரிந்தது. ஆனால் மேட்டுநிலத் தோட்டங்களில் நேர்மாறாக இருந்தது. அங்கே காட்டை வெட்டி ஓடைகளில் வெயில் படும்படி செய்தபின் காய்ச்சல் கூடியது. நிழல் விரும்பும் கொசு ஒன்று, வெயில்படும் தெளிந்த நீரில் வளரும் கொசு மற்றொன்று என்பது ஒப்பிட்டுப் பார்த்த பிறகே துலங்கியது. கிள்ளானில் உயிர் காத்த வைத்தியம் மலையடிவாரத்தில் உயிர் வாங்கியது. ஒரே முறையில் எண்ணாதிருந்தால், நல்லெண்ணத்தோடு செய்த அந்தத் தவறு எத்தனை காலம் நீடித்திருக்கும் என்று எண்ணிப் பார்மின்!

தோட்டக் கணக்கின் ஓட்டைகள்

ரப்பர் விலை ஏறிய காலத்தில் கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கினர். எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கிய நம் தீவும் அக்காலத்தில்தான் திருத்தப்பட்டது. மாமேரி மக்கள் வாழ்ந்த சதுப்புக்காட்டில் வரப்பு எழுப்பிக் கடல்நீரைத் தடுத்து, வாய்க்கால் வெட்டி, பயிர் நட்டனர். 1911-ஆம் ஆண்டில் சமஷ்டி மலாய் நாடுகளின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளர்க்கு அறுபது பேருக்கு மேல் இறந்தனர். அவ்வாண்டிலேயே தோட்டத் தொழிலாளர் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. மலேரியா ஆலோசனைச் சபையும் அமைந்தது. தோட்டங்களின் சாவு விகிதம் சர்க்காரின் கண்ணுக்கு வந்து நின்றமையே இவ்விரண்டுக்கும் ஒரு காரணம் எனலாம்.

ஆயினும் அக்கணக்கில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. விகிதம் என்பது இரண்டு எண்களால் ஆவது: மேலே இறந்தோர், கீழே வாழ்ந்தோர். கீழே எழுதுவது பேரேட்டில் உள்ளோரையா, அன்று வேலைக்கு வந்தோரையா? ஆண்டு முழுவதும் வந்தும் போயும் இருந்தோரையா? மேலே எழுதுவது தோட்டத்து எல்லைக்குள் இறந்தோரை மட்டுமா? நோயுற்றவர் பட்டணத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இறந்தால் அந்தச் சாவு தோட்டத்தினுடையதா, ஆஸ்பத்திரியினுடையதா? சீட்டுக் கொடுத்து அனுப்பப்பட்டவர் பாதையோரத்தில் மாண்டால்? ஊருக்குக் கப்பலேற்றப்பட்டவர் நாகப்பட்டினத்தில் கண்மூடினால்? இவற்றுள் எந்த விடையைக் கைக்கொள்கிறோமோ அதற்கேற்ப ஒரே தோட்டம் நல்ல தோட்டமாகவும் தோன்றும், கொலைக்களமாகவும் தோன்றும். சொல்லின் பொருள் வரையறுக்கப்படாத இடத்தில், பொய் சொல்லாமலே உண்மையை மறைத்துவிடலாம். கணக்கு எழுதிப் பிழைக்கும் நாம் இதனை நன்கு அறிவோம்.

ஏட்டில் ஏறாதவர்

கணக்கே இல்லாவிடில் என்ன ஆகும் என்பதையும் நம் இனம் கண்டது. 1942-43-இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இரயில் பாதை போட்டனர். அதில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகளில் ஏறத்தாழ 13,000 பேர் மாண்டனர். அவர்களின் அதிகாரிகளும் வைத்தியர்களும் உயிரைப் பணயம் வைத்து, கிடைத்த காகிதத்தில் பெயர், தேதி, நோய் ஆகியவற்றை எழுதி ஒளித்து வைத்தனர். இன்று காஞ்சனபுரியில் அவர்தம் கல்லறைகள் பெயரோடு நிற்கின்றன. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழரும், பர்மியரும், ஜாவானியரும், பிறருமாக மாண்டோர் 80,000 முதல் 1,00,000 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. மதிப்பீடு மட்டுமே, ஏனெனில் எழுதுவாரில்லை. இருபதினாயிரம் மனித உயிர் 'முதல்' என்னும் சொல்லுக்கும் 'வரை' என்னும் சொல்லுக்கும் நடுவில் காணாமற் போயிற்று. எவருக்கு என்ன நோய், எந்த முகாமில் எந்தத் தவறு என்பது இனி எவருக்கும் தெரியப்போவதில்லை.

குற்றம் சாட்டாத விசாரணை

போர் முடிந்து, நாடு சுதந்திரம் பெற்று, வைத்தியசாலைகள் பெருகின. மலேரியாவால் சாகும் காலம் கிள்ளான் பள்ளத்தாக்கில் மலையேறிப் போயிற்று. அப்போது புதியதொரு கேள்வி எழுந்தது: நோயால் அன்றி, வைத்தியத்தின் போக்கில் நேரும் பிழையால் இறப்போர் எத்தனை பேர்?

இந்நாட்டில் அக்கேள்விக்கு முதன்முதல் முறையாக விடை தேடியது தாய்மார் சாவைப் பற்றிய இரகசிய விசாரணையாகும். 1991-இல் தொடங்கிய இவ்விசாரணையில், பிள்ளைப்பேற்றை ஒட்டி இறந்த ஒவ்வொரு தாயின் வரலாறும் ஒரே படிவத்தில் எழுதப்பட்டது. பெயர்கள் நீக்கப்பட்டன. 'யார் குற்றவாளி?' என்பதற்குப் பதிலாக 'எந்த இடத்தில் காப்பாற்றியிருக்கலாம்?' என்று கேட்டனர். இரத்தப்போக்கா? இரத்தம் வந்துசேரத் தாமதமா? வண்டி கிடைக்கவில்லையா? உயர் வைத்தியரைக் கூப்பிடத் தயங்கினரா?

முதல் விளைவு எல்லோரையும் திடுக்கிடச் செய்வதாய் இருந்தது. முந்திய ஆண்டோடு ஒப்பிட, தாய்மார் சாவு விகிதம் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தோன்றிற்று. திடீரென்று தாய்மார் அதிகமாக இறந்தனரா? இல்லை. முன்னர் எழுதப்படாதவர் அப்போது எழுதப்பட்டனர், அவ்வளவே. இஃது ஒரு சிறந்த பாடம். நன்றாக எழுதத் தொடங்கினால் எண் முதலில் ஏறும். எண் சிறியதாயிருப்பதைக் கண்டு மகிழ்கிறவர், வெற்றுப் புத்தகத்தைக் கண்டு மகிழ்கிறவரே ஆவார். பெரட்டில் ஒரு நோயாளிகூட இல்லை என்று எழுதும் தோட்டம் ஆரோக்கியமான தோட்டமென்று எந்தக் கிராணியும் நம்பமாட்டார்.

ஒரே சொல், ஒரே படிவம்

இதே எண்ணம் உலகெங்கும் பரவிற்று. பழைய வித்தும் இருந்தது: 1860-இல் இலண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளிவிவர மாநாட்டிலேயே, எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே விதப் படிவத்தில் கணக்கு எழுத வேண்டுமென்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் திட்டம் அனுப்பினார். அது முழுமையாக வேரூன்றவில்லை. 1999-இல் அமெரிக்க வைத்தியக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் தவிர்க்கக்கூடிய பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டு உலகை உலுக்கிற்று. மலேசியாவில் 2003-இல் நோயாளர் பாதுகாப்பு மன்றம் நிறுவப்பட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2005-இல் தீங்குகளை அறிவிக்கும் முறைக்கு வழிகாட்டி நூலையும், 2009-இல் சொற்களின் பொருளை வரையறுக்கும் பாகுபாட்டையும் வெளியிட்டது. 2013-இல் மலேசியாவில் நோயாளர் பாதுகாப்புக்கு 13 இலக்குகள் விதிக்கப்பட்டன. ஆளை அடையாளங் காணுதல், மருந்துப் பிழை, கீழே விழுதல், தீங்குகளை அறிவித்தல் ஆகியவை அவற்றுட் சில. 2021-இல் அவை ஏழாகத் திருத்தியமைக்கப்பட்டன.

உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் வகுத்த சிறு படிவத்தைச் சற்றே நோக்குவோம். நோயாளி எத்தகையவர்? எப்போது? எங்கே? எந்தப் பொருள் அல்லது கருவி சம்பந்தப்பட்டது? எவ்வகைச் சம்பவம்? விளைவு என்ன? பின்னர் என்ன செய்தனர்? அறிவித்தவர் எந்தப் பொறுப்பில் உள்ளவர்? இவ்வெட்டுக்கும் மேல், நடந்ததைத் தம் சொந்த வாக்கியத்தில் எழுத ஓர் இடம். இதில் நம் செக்ரோலின் சாயல் இருக்கிறது. எவரும் நிரப்பலாம், எங்கும் ஒப்பிடலாம்.

ஒரு கட்டம் எவ்வளவு செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். நம்மவர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. ஒரு வார்டில் இரண்டு லெட்சுமிகள் படுத்திருப்பது அதிசயமன்று. ஒருத்திக்குரிய மருந்து மற்றவளுக்குப் போகும் தறுவாயில் தாதி கண்டு நிறுத்துகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தீங்கு நேரவில்லை, எனவே எழுதுவாருமில்லை. இதையே ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் 'தப்பிய பிழை' என்னும் ஒரே பெயரில், 'ஆள் மாறாட்டம்' என்னும் ஒரே வகையில் எழுதினால், நாடு முழுவதும் நூறு லெட்சுமிகள் ஒரே பள்ளத்தின் விளிம்பில் நிற்பது கண்ணுக்குத் தெரியும். பெயரோடு அடையாளக் கார்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்த பின்னரே மருந்து கொடுப்பது என்னும் விதி அத்தகைய காட்சியிலிருந்தே வலுப்பெறும். ஒருவர் கண்ட ஆபத்து பிறர்க்குக் காவலாவது இப்படித்தான்.

இன்னும் மூடாத இடைவெளி

எனினும் நாம் மகிழ்ந்து உட்கார்ந்துவிட இயலாது. சர்க்கார் ஆஸ்பத்திரிகள் சுகாதார அமைச்சின் வழிகாட்டியின்படி அறிவிக்கின்றன. தனியார் ஆஸ்பத்திரிகள் 1998-இல் இயற்றப்பெற்று 2006-இல் அமலுக்கு வந்த தனிச் சட்டத்தின்படி அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளன. தோட்டத்து வைத்திய வசதியோ 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஒரே நோயாளி காலையில் தோட்டத்துக் கிளினிக்கிலும், மதியம் பட்டணத்துத் தனியார் வைத்தியரிடமும், இரவில் பந்திங் அல்லது கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியிலும் இருப்பார். பிழை நேர்ந்தது காலையிலா, இரவிலா? மூன்று கதவுகளுக்கும் மூன்று புத்தகம் என்றால், நடுவழியில் நேர்ந்தது எதிலும் ஏறாது. 1911-இல் தோட்டத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் விழுந்த சாவுக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

நாம் அறிந்த ஒரு கிளினிக்கில் (அதன் பெயர் இங்கு வேண்டா) ஊசி ஒவ்வாது மயங்கி விழுந்த ஒரு மூதாட்டியைப் பற்றிப் புத்தகத்தில் எழுதியது இரண்டே சொற்கள்: 'தலைசுற்றல், அனுப்பப்பட்டார்.' எந்த ஊசி என்பது அதில் இல்லை. அவள் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்த மருந்து தனக்கு ஆகாது என்று சொல்ல அவளுக்கு மலாயும் தெரியாது, மருந்தின் பெயரும் தெரியாது. எழுதியவரைக் கொடியவர் என்று நாம் சொல்லோம். எழுதினால் வேலைக்கு ஆபத்து வருமோ என்னும் அச்சமே அவர் கையைப் பிடித்தது.

அந்த அச்சமே இத்துறையின் பெரும் பகை. 'தவற்றை எழுதினால் தண்டனை' என்றால் எவரும் எழுதார். 'எழுதினால் ஒன்றும் நேராது' என்றால் அசட்டையானவர் தப்புவார் என்று சிலர் வாதிப்பர். இரண்டும் பாதி உண்மை. வேண்டுமென்றே தீங்கு செய்தவனை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். களைத்துப்போன தாதி ஒரே நிறத்துப் புட்டிகள் இரண்டில் ஒன்றை மாற்றி எடுத்தால், தண்டிக்க வேண்டியது அவளையா, ஒரே நிறத்தில் இரண்டு புட்டிகளைப் பக்கத்தில் வைத்த ஏற்பாட்டையா? தாதியை விலக்கினால் அடுத்த தாதியும் அதே புட்டியைத்தான் எடுப்பாள். வேலைப்பளு மிகும், படிவத்தால் என்ன பயன் என்பாரும் உளர். எழுதியதைப் படித்து ஒரு மாற்றமாவது செய்து எழுதியவர்க்குத் தெரிவிக்காத ஆஸ்பத்திரியில் அவர் சொல்வது நியாயமே. படிவம் அலமாரிக்கு உணவாகக் கூடாது.

நம்மவர் கடமை

வைத்தியசாலையில் நேர்ந்த இழப்பை 'விதி', 'தலையெழுத்து' என்று சொல்லி வாய்மூடும் வழக்கம் நம்மிடை இன்னும் நீங்கவில்லை. கிள்ளானில் ஒரே ஆண்டில் 582 என்பது 144-ஆகக் குறைந்தபோது தலையெழுத்தா மாறிற்று? வாய்க்கால் வெட்டப்பட்டது, அதற்கு முன் எண்ணப்பட்டது. அதற்காக ஆத்திரங்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் கூச்சலிடுவதும் வழியன்று. என்ன நடந்தது, எப்போது, எந்த மருந்து, யாரிடம் சொன்னோம் என்பதைத் தேதியோடு எழுதி, எழுத்து மூலமாகக் கொடுத்து, எழுத்து மூலமாகவே விடை கேட்பது நம் உரிமை. ஆகாத மருந்தின் பெயரை ஒரு சிறு கார்டில் எழுதிப் பெற்று அடையாளக் கார்டோடு வைத்துக்கொள்வது நம் காவல். படித்த பிள்ளைகள் தம் வீட்டு முதியோர்க்கு இதைச் செய்து கொடுப்பது பெரிய தொண்டாகும்.

சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. சர்க்கார், தனியார், தோட்டம் ஆகிய மூன்றுக்கும் ஒரே சொற்கள், ஒரே கட்டங்கள் கொண்ட படிவம் வேண்டும். நோயாளியும் அவர் உறவினரும் தமக்குத் தெரிந்த மொழியில் சொல்வதையும் அது ஏற்க வேண்டும். இன்று நம் தீவின் செம்பனைத் தோப்புகளில் குலை வெட்டுவோரில் பலர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர். நம் பாட்டன்மார் இருந்த இடத்தில் அவர்கள் இருக்கின்றனர்: மொழி தெரியாமல், பெயர் சரியாக எழுதப்படாமல். அவர்களுக்கும் அதே கட்டத்தில் இடம் இருக்க வேண்டும்.

வெட்டிய குலைக்குத் தவறாத கணக்கு எழுதக் கற்ற இந்த மண், கட்டிலில் கிடக்கும் மனிதனுக்கு நேர்ந்ததையும் அவ்வளவு ஒழுங்காக எழுதக் கற்றுக்கொள்ளட்டும். அதற்கான பேனா ஓரளவு நம் கையிலும் இருக்கிறது.